கறுப்புத் திரையில் வந்த மெமோ

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். துறைத்தலைவர் மீசைக்குச் சாயம் பூசியவர். திரையை நிமிர்ந்தே பார்க்காமல் கீபோர்டை ஒற்றை விரலால் மடார் மடாரென்று குத்துவார்.

பிராக்டிகல் தேர்வன்று காலையில் லினக்ஸ் சர்வரின் கறுப்புத் திரையில் எழுத்துகள் தாமாக விழுந்தன. கீபோர்டைக் கழற்றியும் நிற்கவில்லை. பதறிப்போய் அவரைக் கூட்டிவந்தேன். எழுத்துகள் நின்றுவிட்டன.

"நான் வந்ததும் அடங்கிடுச்சு பாத்தியா? ஒனக்கு மெமோ குடுத்தாதான் சரிப்படும்" என்று பக்கத்திலிருந்த தன் அறைக்குத் திரும்பினார்.

மறுபடி எழுத்துகள் விழுந்தன. படித்தேன். எனக்கான மெமோ அது! சர்வரின் பின்பக்கம் தேடினேன். அவருடைய வயர்லெஸ் கீபோர்டின் விரல்நுனி அளவு ரிசீவர் அதில் செருகியிருந்தது. முந்தைய நாள் அவரே செருகி மறந்தது. பிடுங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"சார், நீங்க அடிச்சதுதான் அங்க விழுந்துச்சுங்க."

"அத மொதல்லயே பாக்க மாட்டியா?"

தேர்வு நல்லபடியாக நடந்தது. கண்டுபிடிக்கத் தாமதித்ததற்காகச் சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. அதை நீட்டியபோது அவர் முகத்தில் துளிக் கூச்சம் இல்லை. அவரால் அது எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.