ஏழு தப்படியில் அன்வர் அண்ணன்

எங்கள் ஆலையில் வேலை நேரத்தில் கைபேசி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. காலை ஆறு மணிக்கு லாக்கரில் வைத்துப் பூட்டினால் இரண்டரைக்குத்தான் எடுக்கலாம். அன்று எடுத்தபோது பதினேழு தவறிய அழைப்புகள். ஒன்று ரெஹானா அண்ணியிடமிருந்து. மற்றவை நம் ஞாயிற்றுக்கிழமை போட்டோக் குழுவிலிருந்து. அவற்றுக்குக் கீழே செய்திகள். விடியற்காலையில் அன்வர் அண்ணன் இறந்துவிட்டார். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். கடைசிச் செய்தி இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. “எல்லாம் முடிஞ்சிது மாதேசு. எங்கடா இருக்க நீ?”

நான் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருந்தேன். மண் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஏதோ ஒரு பாகத்தின் துளையை அளந்துகொண்டிருந்திருப்பேன். அதே மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர்.

கடைசி எட்டு மாதங்கள் அவருக்கு அருகில் இருந்தவன் என்று, அவரைப் பற்றிக் குழுவுக்காக என்னை எழுதச் சொன்னீர்கள். ‘அருகில்’ என்று எழுதினேன். அடித்தேன். வேறு சொல் கிடைக்காமல் அதையே மறுபடி எழுதியிருக்கிறேன்.

*

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு லென்ஸ் வாங்கியது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் நடந்த சண்டை தெரியாது.

ஜூம் ஆகாத, ஒரே பார்வை உள்ள லென்ஸ். கிட்டத்தில் வேண்டுமென்றால் கால்தான் நடக்க வேண்டும். வெளியில் வைத்து மனிதர்களை எடுக்க எது சரி, ஐம்பது மில்லிமீட்டரா எண்பத்தைந்தா என்பது கேள்வி. ஒன்றுதான் வாங்க முடியும். அன்வர் அண்ணன் ஒரு ஜூம் லென்ஸை இரவல் வாங்கிவந்தார். அதன் வளையத்தை ஐம்பதில் நிறுத்தி செலோடேப் சுற்றினார். ஒரு ஞாயிறு முழுவதும் அதிலேயே எடுத்தோம். அடுத்த ஞாயிறு டேப்பைப் பிரித்து எண்பத்தைந்தில் சுற்றினார். ஒவ்வொரு படத்துக்கும் தப்படி போட்டு அளந்தார். ஆள் நின்ற கோலத்தில் முழுசாக வர ஐம்பதுக்கு ஆறு தப்படி. எண்பத்தைந்துக்குப் பத்து.

“ஐம்பது வாங்கிக்கலாம்” என்றார்.

“அண்ணா, போர்ட்ரெய்ட்னா எண்பத்தஞ்சுதான். உலகமே சொல்லுது.”

“உலகம் நாட்றாம்பாளையம் வந்துச்சாடா?”

“பின்னாடி நிக்கற கரண்ட் கம்பம், தண்ணி டேங்க் எல்லாம் கரைஞ்சி போயிடும்ணா. மொகம் மட்டும் நிக்கும்.”

“கம்பம் இருந்துட்டுப் போவட்டும். அவுங்க ஊரு கம்பம்தான?”

பிறகு, ஆலையில் அளவு தவறிய ஒரு பாகத்தைத் தள்ளிவைக்கும்போது காரணம் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்: “நான் சாதாரணமா பேசறது அவுங்களுக்குக் கேக்கணும். அவுங்க முணுமுணுக்கறது எனக்குக் கேக்கணும். அந்த தூரத்துக்கு எது ஒத்து வருதோ அதான் லென்ஸ்.”

நான் விடவில்லை. படித்ததையெல்லாம் எடுத்துக் காட்டினேன். அவை பெரிய சென்சார் கேமராவுக்காக எழுதப்பட்டவை. எங்களுடையது சிறியது. அவர்கள் ஆறு தப்படியில் நிற்கும் இடத்தில் நாங்கள் பத்தில் நிற்க வேண்டும். டேப் சுற்றி அளந்ததும் அதைத்தான் சொல்லியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் அளவுகோல் சொல்வதைத் தவிர எதையும் நம்பாத இரண்டு பேர், ஏழாவது நாள் அளந்து பார்த்துவிட்டு அளவை ஒதுக்கினோம். ஒதுக்கியது நான். அவர் விட்டுக்கொடுத்தார்.

“சரி. உன் கண்ணு, என் வாயி. ஆளுக்குப் பாதி.”

*

அவர் வாய் எதற்கும் போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

நாட்றாம்பாளையத்தில் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவி. போட்டோ என்றதும் விறைத்துவிட்டார்கள். பத்துத் தப்படி தள்ளி நின்று அன்வர் அண்ணன் தமிழில் ஏதோ கேட்டார். அசைவில்லை. தெலுங்கில் கேட்டார். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கன்னடத்தில், காடு எதிரொலிக்க, “ஏனம்மா, நிம் யஜமான்ரு யாவாக்லூ ஹிங்கேனா?” உங்கள் வீட்டுக்காரர் எப்போதுமே இப்படித்தானா என்று. கல்யாணத்தன்றே இப்படித்தான் நின்றார் என்று அந்த அம்மாளும் கத்தினார். பெரியவருக்கு வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கம் படத்தில் இருக்கிறது. பின்னால் மலை பச்சைக் கறையாகக் கரைந்திருக்கிறது.

“பாத்தியாண்ணா?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. தொண்ட வலிக்குது” என்றார்.

அந்த வலியையும் அவர் தூரத்திலிருந்து கத்தியதையும் நான் முடிச்சுப் போடவில்லை. அப்படி ஒரு முடிச்சும் இல்லை என்று மருத்துவர் பிறகு சொன்னார். கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதால் ஒன்றும் குறையவில்லை.

*

முதலில் கரகரப்பு. இயந்திரத்துக்கு ஊற்றும் கூலன்ட்டின் நெடி என்று சொல்லிக்கொண்டார். பிறகு பெங்களூரில் தொண்டையில் அறுவை. அதன்பின் அவரிடம் இருந்தது மூச்சு மட்டும். காதருகே வைத்தால் சொற்கள் கேட்கும்.

அப்படியும் ஒரு ஞாயிறு வந்தார். குருபரப்பள்ளிக்கு உள்ளே ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர், மகன், பேத்தி. கேமரா அன்வர் அண்ணன் கையில். அவர் என் காதில் சொல்வார். நான் அவர்களை நோக்கிக் கத்துவேன்.

“மாங்கா பறிக்கற ஆளு மேல காட்ற கோவத்த கேமரா மேல காட்டாதீங்க பெரியவரே.”

அவர் சொன்னபோது அது கிண்டல். என் வாயில் அது அதட்டலாகப் போய் விழுந்தது.

“யாருப்பா இவன்? எங்க தோப்புல நின்னுக்கினு என்னியே மெரட்றான்?” என்றார் பெரியவர்.

அன்வர் அண்ணன் ஓசையில்லாமல் குலுங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் முகத்துக்கு நேரே கையை விரித்து ஐந்து விரல்களையும் காட்டினார். ஐம்பது. வாங்கியிருக்க வேண்டியது.

நான் சிரிக்க முயன்றேன். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

*

அதன்பின் நான் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். என்ன செய்ய முடியும்? இளநீர் வாங்கிப்போவேன். அவரால் விழுங்க முடியாத நாட்களில் நானே குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு நாள் அவராகவே சைகை காட்டினார். என்னை ஒன்று எடு.

வீட்டுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் அண்ணி நாற்காலி போட்டார். காலை பத்து மணி, மரநிழலில் நல்ல வெளிச்சம். என் பையில் கேமராவோடு வந்த சிறிய ஜூம் லென்ஸும் இருந்தது. அதை ஐம்பதில் வைத்தால், உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு தப்படி போதும்.

நான் எண்பத்தைந்தைப் பொருத்தினேன்.

முகத்துக்கு நல்லது, பின்னால் கிடந்த மருந்துப் பெட்டிகளும் கொடிக்கயிறும் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழுக் காரணமும் இல்லை. அவர் கழுத்தையும் கன்னத்தையும் அத்தனை பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு லென்ஸைப் பொருத்தினால் அதுவே நம்மைப் பின்னால் போகச் சொல்லும். போனேன். ஏழு தப்படி.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். நான் ஷட்டரை அழுத்தினேன்.

“என்னண்ணா?”

ஒன்றுமில்லை என்பதுபோல் கையை அசைத்தார். நான் நின்ற இடத்திலிருந்தே இன்னும் இரண்டு எடுத்தேன். அவற்றில் வாய் மூடியிருக்கிறது. நடந்துபோய்க் காதைக் கொடுத்திருக்கலாம். ஏழு தப்படிதான்.

மூன்று வாரம் கழித்து லாக்கரில் அந்த அழைப்புகள்.

*

படத்தை அண்ணிக்கு அனுப்பியிருந்தேன். அடக்கத்துக்கு மறுநாள் போனபோது கைபேசியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்ல படம் மாட்டறது இல்ல தம்பி. தொழுற எடம். இதுலதான் வெச்சிருக்கேன்.” விரலால் முகத்தைப் பெரிதாக்கினார். கூர்மையான படம். இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. உதடு பிரிந்திருக்கிறது. “ஏதோ சொல்றாருல்ல? என்ன சொன்னாரு?”

ஒரு வாக்கியத்தை உண்டாக்கிச் சொல்லியிருக்கலாம். உன்னை, பிள்ளைகளை, இப்படி ஏதாவது. அண்ணி காத்திருந்தார். எனக்கு எழுத வரும் என்று அவருக்குத் தெரியும்.

“கேக்கல அண்ணி.”

“நீ அங்கதான இருந்த?”

இருந்தேன்.

லென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. அவர் பாதியையும் நீயே வைத்துக்கொள் என்று அண்ணி சொல்லிவிட்டார். குழுவில் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம், தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்து மூடியிட்டு வைக்கிறேன். போன வாரம் ஐம்பது ஒன்று வாங்கினேன். அதில் இன்னும் யாரையும் எடுக்கவில்லை. வீட்டு முற்றத்தில் காலி நாற்காலி போட்டு, எண்பத்தைந்து கேட்கும் தூரத்தில் நின்று, அங்கிருந்து ஐம்பது கேட்கும் தூரத்துக்கு நடந்து பார்த்தேன். மூன்று தப்படி. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.