பீச் டப்பாவில் ஒரு நிழல்

லவீனா கட்லிப், பீச் பழ டப்பா வாங்குவதே டப்பாவுக்காகத்தான். அந்தப் பழத்தை அவள் நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், வயது அறுபத்து மூன்று. ஓஹாயோ மலைச்சரிவில் தனி வீடு, சமையலறை மேசை முழுக்கத் தகரத் துண்டுகள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, துடைப்பக் கட்டையின் மேல் வைத்து அரைவட்டமாக வளைப்பாள். ஓரங்களை மடித்து, துப்பாக்கிக் குழலைக் கவ்விப் பிடிக்கும்படி செய்வாள். உள்பக்கத்தை மண்ணெண்ணெய் விளக்கின் மேல் காட்டிக் கரி ஏற்றிவிட்டால் நிழல்தகரம் தயார்.

அவளும் பக் ரன் துப்பாக்கிச் சங்கத்தாரும் சுடுவது வாய் வழியாக மருந்தும் ஈயக்குண்டும் கெட்டிக்கிற பழைய பாணித் துப்பாக்கி. குழல் நுனியில் இருக்கும் குறிமுனையில் இடப்பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும், குண்டு வலப்பக்கம் ஓடிவிடும். அதன் மேல் தகரம் ஒரு சின்னக் கூரை மாதிரி நிற்கும். சங்கத்தில் பாதிப் பேர் துப்பாக்கியில் அவள் செய்த கூரைதான். கூலி எவ்வளவு என்று கேட்டால், "பழத்த நீ தின்னுட்டு டப்பாவ எனக்குக் குடு, போதும்" என்பாள்.

முதல் தகரத்தைத் தனக்காகத்தான் செய்தாள். அதற்குக் காரணம் ஆர்லன் ரைடனோர். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன், இருபத்திரண்டு வருடமாகத் துப்பாக்கிப் போட்டியில் அவளுடைய ஜோடி. அந்தச் சங்கத்தில் ஒருவர் சுட, ஜோடி தொலைநோக்கியில் பார்த்துக் குண்டு எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். அறுபது கஜத்தில், நெருப்பில் கருக்கிய பலகை. அதில் கத்தியால் கீறிய வெள்ளைப் பெருக்கல் குறி. ஐந்தாவது குண்டு போகும்வரை யாரும் பலகைப் பக்கம் போகக் கூடாது. ஜோடியின் வாய்ச்சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் ஆர்லன், பக்கத்தில் ஆளிருப்பதைப் பார்க்காமல் விசையை இழுத்தான். அவன் துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செம்பு மூடி சிதறி, ஒரு செதில் லவீனாவின் வலக்கண்ணைக் கீறியது. சங்கத்துக்குத் தெரிந்தால் அவனை அன்றே வெளியே அனுப்பியிருப்பார்கள். "மரக்கிளை குத்திருச்சு" என்று மருத்துவரிடமும் பொய் சொன்னாள். விழியில் தழும்பு நின்றுவிட்டது. வெயிலில் குறிமுனை பூப்பூவாகச் சிதறித் தெரியும், தகரத்தின் நிழல் இருந்தால்தான் ஒன்றாகத் தெரியும். இது ஆர்லனுக்கு மட்டும் தெரியும். அவளுடைய தகரத்தோடு அவனும் சுட்டான். ஆனாலும் கடைசி மூன்று வருடமும் முதல் பரிசான மாட்டுத் தொடையை அவள்தான் வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

ஏப்ரல் கூட்டத்தில் ஆர்லன் எழுந்து நின்றான்.

"நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல தகர டப்பா ஏதுப்பா? பழைய முறைன்னு சொல்லிட்டு நிழல்ல ஒளிஞ்சு சுடுறோம். அதுவும் போக, கண்ணு சரியில்லாதவங்க இத வச்சு ஒப்பேத்திட்டு நிக்கிறாங்க. வெயில்ல முனையே தெரியாத ஆளு கையில மருந்து கெட்டிச்ச துப்பாக்கி. நான் பேரு சொல்லல."

பேரைச் சொல்லத் தேவையே இல்லை. விழியில் தழும்போடு இருந்தவள் அவள் ஒருத்திதான், எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். பதினான்குக்குப் பதினொன்று. தகரத்துக்குத் தடை. தூக்கிய கைகளில் ஆர்லனின் கைதான் எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது.

வெளியே அவன் லாரி பக்கத்தில் அவனை மடக்கினாள்.

"இந்தக் கண்ண யார் கெடுத்தான்னும் உள்ள சொல்லியிருக்கலாமே, ஆர்லன்."

"உன் நல்லதுக்குத்தான் லவீனா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

ஆனாலும் ஒருவேளை உண்மையாகவே பயந்துதான் சொன்னானோ என்ற எண்ணத்தை அவள் விடவில்லை. இருபத்திரண்டு வருடத்தை ஒரே நாளில் குப்பையில் போட யாருக்குத்தான் மனசு வரும்? கோடை முழுக்கத் தகரமில்லாமல் முயன்று பார்த்தாள். பத்துக் குண்டில் ஏழு பலகையிலேயே படவில்லை. துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

அக்டோபரில் பெரிய போட்டி. முந்தின வாரம் ஆர்லன் அவள் வாசலில் வந்து நின்றான், தொப்பி கையில்.

"ஜோடி இல்லாம சேத்துக்க மாட்டாங்க. வருஷ ஆரம்பத்துல உன் பேரத்தான் எழுதியிருக்கு."

"வரேன்" என்றாள். பேருந்தில் சண்டை போட்ட பிள்ளையையும் அதன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டே பழகியவள் அவள்.

போட்டியன்று காலை இடப்பக்கமிருந்து சுள்ளென்று வெயில். ஆர்லன் குறிமுனையை மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கிக்கொண்டு வந்திருந்தான். கட்டையின் மேல் குழலைச் சாய்த்து முதல் குண்டைச் சுட்டான்.

லவீனா இடக்கண்ணால் தொலைநோக்கியில் பார்த்தாள். "வலது. நாலு விரல்."

"அது எப்படி? முனையக் கறுப்பாக்கியிருக்கேனே."

"புகை வழியிலயே ஒரசிப் போயிருச்சு. முனை மினுங்குது. இடப்பக்கம் தள்ளிப் பிடி."

ஆர்லன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். மருந்து கெட்டித்தான், பழையபடி நடுவிலேயே பிடித்துச் சுட்டான்.

"வலது. அதே ஓட்டை ஓரம். ஆர்லன், தள்ளிப் பிடிப்பா."

"சரி சரி" என்றான், ஒருமாதிரி சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு அவளுக்குப் புரியவில்லை. மூன்றாவதும் நாலாவதும் ஐந்தாவதும் நடுவில் பிடித்தே சுட்டான். அவளும் ஒவ்வொரு முறையும் கண்டதைக் கண்டபடியே சொன்னாள்.

பலகையைப் பார்க்க இருவரும் நடந்தார்கள். வெள்ளைக் குறிக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடும் இடத்தில் ஐந்து ஓட்டைகள். அவன் வாழ்நாளில் இவ்வளவு நெருக்கமாகச் சுட்டதில்லை. அவள் பேச்சைக் கேட்டிருந்தால் மாட்டுத் தொடை அவனுக்குத்தான்.

ஆர்லன் ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

"நீ சொன்ன எடத்துலதான் இருக்கு."

"என்னைக்கு வேற எடத்துல இருந்துச்சு?"

"இல்ல... நீ பழி வாங்குறன்னு நெனச்சேன் லவீனா. நான் உன் எடத்துல இருந்திருந்தா மாத்தித்தான் சொல்லியிருப்பேன்."

ஏப்ரலில் அவன் தூக்கிய கையைவிட இதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பயந்து சொன்னானோ என்று ஆறு மாதம் பிடித்து வைத்திருந்த நம்பிக்கையும் போயிற்று. இத்தனை வருடம் அவள் குண்டு பலகையிலேயே படாமல் போனபோதெல்லாம் இவன் சொன்ன இடது, வலது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றில் எது நிஜம் என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை.

தொலைநோக்கியை மடித்து உறையில் போட்டாள்.

"அடுத்த வருஷத்துக்கு வேற பேரு எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் லாரியைப் பார்த்து நடந்தாள்.