பொய்க்கல் பீமும் நஜ்முன் நிஸாவும்

ஆண்களோடு நின்று கொங்கிறீற் குழைக்கிறாள் என்று நஜ்முன் நிஸாவைப் பற்றிக் கதைக்காத வாய் கிண்ணியாவில் இல்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருசன் மௌத்தான பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சி வார்த்தது அந்த வாய்களா என்ன? காலையில் தோணியில் துறை தாண்டி, ஓர்ஸ் ஹில் என்ற குன்றுக்குக் கீழே, துறைமுகக் களஞ்சியத்தின் கூரையைத் தாங்கும் பீம்களை வார்க்கும் முற்றத்துக்கு வந்துவிடுவாள்.

எழுபத்துநாலில் அங்கே புதுக் கல் வந்தது. சூளையில் சுட்டு ஊதவைத்த களிமண் உருண்டைகள். கூடை நிறைய அள்ளினாலும் பாரம் தெரியாது. அதனால் வேலையாட்கள் அதற்குப் பொய்க்கல் என்று பெயர் வைத்தார்கள். வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் யோகலிங்கம் கருங்கல்லைப் போலவே அதையும் காய்ந்தபடி கலவையில் கொட்டச் சொன்னார். கல் அவலைப் போலத் தண்ணீரைக் குடித்தது. கலவை அச்சுக்குள் இறங்கும் முன்னே இறுகி, முதல் பீம் ஓட்டை ஓட்டையாக வந்தது.

அடுத்த பீமுக்கு நிஸா யாரையும் கேட்கவில்லை. முதல் நாளே கல்லைப் பீப்பாய்களில் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்துக் கொடுத்தாள். பீம் வழவழவென்று வந்தது. அது இறுகியபின், உள்ளே இழுத்துக் கட்டியிருந்த உருக்குக் கம்பிகளின் பிடியை விட்டார்கள். கம்பிகள் சுருங்கி இழுக்க, பீம் நடுவில் மேல்நோக்கி வளைந்தது. எந்தப் பீமும் கொஞ்சம் வளையும்தான். இது இரண்டு மடங்கு வளைந்தது.

யோகலிங்கம் பாய்ந்து வந்தார். "கல்லை ஊறப்போட்டுப் பழுதாக்கிப் போட்டாய்! இதை உடைக்கப்போறன். நாளைக்கு நீ வேலைக்கு வரத் தேவையில்லை."

 நிஸா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"பாரத்தை ஏத்திப் பாருங்க ஐயா. அது உடைஞ்சா நானே போறன்."

பக்கத்தில் நின்ற இன்ஜினியர் நிக்கலஸ் தலையாட்டினார். "ஓம், ஏத்துங்கோ. இந்தக் கல்லில செய்தால் பீம் கூடுதலா வளைஞ்சு குடுக்கும். பாரம் வந்தால் தாழும்."

பீமின் நுனிகள் இரண்டையும் கட்டைகளில் வைத்து, பக்கத்தில் நேராக நூல் பிடித்தார்கள். சீமெந்து மூட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின. கூரை சுமத்தும் அளவு பாரம் முழுவதும் ஏறியபோது பீம் நூலுக்குச் சரியாக வந்து நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

நிஸா சேலையைச் செருகிக்கொண்டு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். நிக்கலஸ் வேண்டாம் என்று கத்தியும் கேட்கவில்லை.

"இறங்கு!" என்றார் யோகலிங்கம்.

"பீம் நல்லது எண்டு சொல்லுங்க. இறங்குறன்."

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல்ல ஐயா."

முற்றமே வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. யோகலிங்கம் தொண்டையைச் செருமி, பீம் நல்லது என்று உரத்துச் சொன்னார்.

"கல்லை ஊறப்போட்டதும் பிழையில்லை எண்டு சொல்லுங்க," என்றாள் நிஸா, இறங்காமலே.

அதையும் சொன்னார்.