அத்திம்பேர் தாளம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். பகலில் வங்கி வேலை, மாலையில் மிருதங்கம், இதைத் தவிர எனக்கு வேறு பைத்தியம் கிடையாது. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில், பட்டப்பகலில், அக்கா வீட்டில் நடந்ததை நீங்கள் நம்பினாலும் சரி, கிழவனுக்குக் காது போய்விட்டது என்றாலும் சரி, சொல்லத்தான் போகிறேன்.

அக்காவின் கணவர், என் அத்திம்பேர், ரெக்கார்டுப் பைத்தியம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மோதிரத்தால் அதன் மரக்கையில் டக், டக் என்று தாளம் போட்டபடிதான் கேட்பார். பாவம், ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாப்பு தாளம் மட்டும் அவருக்கு வராது. பைரவி ராகத்தில் அந்தத் தாளத்தில் ஒரு கீர்த்தனை, அதில் சரணம் தொடங்கியதும் ஒரு அடி முந்திவிடுவார், அசடு வழிய நிறுத்துவார், பிறகு வந்து சேர்ந்துகொள்வார். ஒவ்வொரு முறையும் அதே இடம். குடும்பமே கேலி செய்யும்.

திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். நாற்காலியைக் காரியத்தின்போது தானமாகக் கொடுத்துவிட்டோம். சில வாரம் கழித்து அக்கா, "அந்த ரெக்கார்டைப் போட்டா அவர் தாளம் போடறது கேக்கறதுடா" என்று சொல்ல ஆரம்பித்தாள். விஷயம் டெல்லியிலிருந்து வந்திருந்த அத்திம்பேரின் அண்ணா காதுக்குப் போயிற்று. இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது, வீட்டைப் பூட்டிவிட்டு டெல்லிக்கு அழைத்துப்போய் வைத்தியம் பார்க்கவேண்டும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது ஒக்காந்து கேளுடா. என்னை இந்த ஆத்தை விட்டு அனுப்பிடாதீங்கோ" என்று அழுதாள்.

அதே ரெக்கார்டிலிருந்து அத்திம்பேரே ஸ்பூல் டேப்பில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். முதலில் அதைப் போட்டேன். வெறும் பாட்டு, வேறொன்றும் இல்லை. அப்புறம் ரெக்கார்டு. ஊசி இறங்கியதும் அந்தக் கரகரப்பு, அதன் பின்னால் தம்பூரா, அட, டேப்பில் இந்தக் குரலுக்கு இத்தனை உயிர் இல்லையே என்று நான் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது, டக்.

கீறல் என்றுதான் நினைத்தேன். கீறலாக இருந்தால் ரெக்கார்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே சீராக வரவேண்டும். இது பாட்டின் தாளத்தோடு போனது. மரத்தில் மோதிரம் படுகிற சத்தம், அதுவும் ஸ்பீக்கரிலிருந்து இல்லை, நாற்காலி இருந்த ஜன்னலோரத்திலிருந்து. சரணம் வந்தது. ஒரு அடி முந்தியது. நின்றது. பிறகு சேர்ந்துகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

டெல்லிக்காரரிடம் சொன்னால் நம்புவாரா? அக்காவுக்குத் தம்பி பரிந்துகொண்டு வருகிறான் என்று சிரித்தார். "போடு, நானும் கேக்கறேன்" என்று மறுநாள் சாப்பாடு முடிந்ததும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கோ அக்காவைப் பார்க்கவே பயம். சரணம் தொடங்கியதும் அவர் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டு, "இப்பவும் விட்டுட்டான் பாரு, அசடு!" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எழுந்தார், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டார். டெல்லிப் பேச்சு அதோடு சரி. அக்கா கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள்.

ரெக்கார்டு இப்போது என்னிடம் இருக்கிறது, போட்டுக் கேட்கத் துணிச்சல்தான் இல்லை. சமீபத்தில் என் மகள் அதே பாட்டைக் கைபேசியில் இறக்கிக் கொடுத்தாள். டிஜிட்டலாம், கரகரப்பு கிடையாது, தூசி கிடையாது. கேட்டேன். எந்தத் தட்டலும் இல்லை, பாட்டு மட்டும்தான். அப்பாடா என்று தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். ஆயுசு முழுக்க மிருதங்கம் வாசித்த கை இது, சாப்பு தாளத்தில் ஒருநாளும் தப்பியதில்லை. சரணம் வந்ததும் ஒரு அடி முந்திவிட்டது. திரும்பப் போட்டேன். அதே இடத்தில், அதே அடி. வேறு எந்தப் பாட்டுக்கும் அப்படி ஆவதில்லை. இதைக் கேட்கும்போது மட்டும் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன்.