பித்தளைத் திருகாணி

எங்கள் வீட்டில் படிப்பாளி என்றால் அக்காதான். எனக்குப் பத்து வயதானபோது அவள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். அந்தக் கோடை விடுமுறையில், நாமக்கல்லுக்கு வெளியே இருந்த எங்கள் கோழிப்பண்ணைக்கு அவள் ஒரு காவலாளைச் செய்து வைத்தாள். காவலாள் என்பது சீட்டுக்கட்டு அளவிலான ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. ஷெட்டுக்குள் சூடு முப்பத்தைந்தைத் தாண்டினால் அதுவே மோட்டாரை ஓட விட்டுக் கூண்டுகளுக்கு மேலே தண்ணீரைப் புகைபோலத் தூவும். சூடு இறங்கினால் நிறுத்திக்கொள்ளும்.

காரணம் இருந்தது. முந்தைய வருடம் ஒரு மதியம் கரண்ட் போய் மின்விசிறிகள் நின்றதில், கோழிகள் வரிசை வரிசையாகக் கூண்டுக்குள்ளேயே சாய்ந்துவிட்டன. செத்தவற்றைக் குழி வெட்டிப் புதைக்க அப்பாவுக்கு இரண்டு நாள் ஆனது.

அதனால் அக்கா தன் காவலாளைப் பழைய லாரி பேட்டரி ஒன்றில் ஓட்டினாள். மோட்டாருக்கு அது சரி. ஆனால் பேட்டரி தருவது பன்னிரண்டு வோல்ட். போர்டு தாங்குவதோ ஐந்து. பன்னிரண்டை ஐந்தாகக் குறைக்க நடுவில் பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு கன்வர்ட்டர். அதன் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டி, அதன் தலையில் கடுகளவு பித்தளைத் திருகாணி. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகி, மீட்டர் ஐந்து காட்டியதும் நிறுத்தினாள். எத்தனை சுற்றினாலும் முட்டி நிற்காமல் சுழன்ற அந்தத் திருகாணியின் மீது எனக்குத் தீராத ஆசை.

ஒருநாள் மேச்சேரியில் கல்யாணம். அன்றைக்குப் பார்த்து, பராமரிப்பு என்று சொல்லிப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. அப்பா வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

“இந்தப் பொட்டிய நம்பிப் போலாமா சாமி?”

“போயிட்டு வாங்கப்பா. அது பாத்துக்கும்” என்றாள் அக்கா.

அப்பாவும் அம்மாவும் போனார்கள். பதினொரு மணிக்கு அக்கா குளிக்கப் போன நேரத்தில் நான் குட்டித் திருப்புளியை எடுத்தேன். ஒரு சுற்று. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நாலைந்து சுற்று. போர்டில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. காய்ந்த மிளகாய் கருகியது போல ஒரு நெடி வந்தது. திருப்புளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, முற்றத்துக்குப் போய்க் கோலப்பொடியால் கட்டம் போட்டு நொண்டி விளையாடத் தொடங்கினேன்.

அக்கா ஈரத்தலையோடு வந்தாள். போர்டைத் தொட்டுப் பார்த்தாள். கன்வர்ட்டரில் மீட்டரை வைத்தாள். பத்துக்கும் மேலே காட்டியது. பக்கத்தில் கிடந்த திருப்புளியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“இங்க வா சாமி. இந்தத் தெர்மாமீட்டரப் பாத்துட்டே நில்லு. முப்பத்தஞ்சு தாண்டுனா கத்து.”

அன்று மாலை ஐந்து மணிவரை நான் கத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் மோட்டார் வயரை நேராகப் பேட்டரியில் பிடித்தாள். கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையை விரித்து இளைத்தன. தூவிய தண்ணீர் மேலே பட்டதும் அடங்கின. பத்து நிமிடத்தில் மறுபடி இளைத்தன. அக்கா சாப்பிடவேயில்லை. பொறி பட்டு அவள் விரல் நுனி கறுத்திருந்தது. செத்தவை மூன்றே மூன்று.

அப்பா வந்ததும் போர்டைத்தான் முதலில் பார்த்தார்.

“என்னாச்சு?”

“நாந்தானுங்கப்பா. வோல்டேஜ தப்பா வெச்சுட்டேன்.”

தப்பித்தோம் என்று எனக்கு ஒரே குதூகலம். அப்பா திட்டவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடியது. தீவனம் கொண்டுவந்தவரிடமும் சொன்னார்: “படிச்ச புள்ளையே தப்பாத் திருகிட்டாளாமா!” பெங்களூரில் வேலைக்கு எழுதிப் போடட்டுமா என்று அக்கா கேட்டபோதும், “மொதல்ல ஒரு பொட்டிய ஒழுங்கா ஓட்டு, பொறகு பாக்கலாம்” என்றார். அக்கா அதற்கும் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்து வேறொரு போர்டு வந்தது. அக்கா திருகாணியைத் திருகி மீட்டரில் ஐந்து வரவழைத்தாள். பிறகு அம்மாவின் அலமாரியிலிருந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்துவரச் சொல்லி, திருகாணியின் தலையில் ஒரே ஒரு சொட்டு வைத்தாள். இனி யாரும் அசைக்காமலிருக்க அப்படி வைப்பார்கள் என்று நானும் கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

“அதுக்கு எதுக்குக்கா?” என்று கேட்டேன்.

“அழகுக்கு.”

“அப்ப எனக்கு?”

அவள் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பத்து விரலுக்கும் பொறுமையாகப் பூசினாள். ஒவ்வொன்றாக ஊதினாள்.

“காயற வரைக்கும் எதையும் தொட்டுறாத சாமி.”

நகப்பூச்சு கலைந்துவிடும் என்றுதான் சொல்கிறாள் என நினைத்து, பத்து விரலையும் விரித்துப் பிடித்தபடி, அவளையே பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.