முருகன் எத்தனை சவாரி?

குன்றுதோறும் நின்றருளும் குமரவேள் தாளிணை துணை.

சென்ற வாரம் ஆடிக் கிருத்திகை. அன்று ஆரணியில் காவடி எடுக்காத தோளைக் காண்பது அரிது. சங்கடம் தொடங்கியதும் அதனால்தான்...

எங்கள் நெசவாளர் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கிருத்திகையன்று முருகன் உடுத்தும் பட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டோம். நெய்த வீட்டுக்கு அவனே வந்து, தறிக்கு எதிரே நின்று, உடுத்திக்கொண்டு போக வேண்டும். பல்லக்குச் சுமக்கும் தோள்களோ காவடிக்குப் போய்விட்டன. என்ன செய்வது? ஏகாம்பரத்தின் சைக்கிள் ரிக்‌ஷாவை அழைத்தோம்.

ஒரே பீடத்தில் வள்ளி தெய்வானையோடு நிற்கும் சிறிய உற்சவரைக் குருக்கள் மடியில் இருத்திக்கொண்டார். அருகில் நான் — பூத்தட்டுடன், மிகுந்த பெருமிதத்துடன்.

கடைத்தெரு முனையில் நகராட்சி ஆய்வாளர் அம்மையார் கையை நீட்டினார்.

ரிக்‌ஷாக்களுக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. சவாரி இருவர் மட்டும். சரக்கு ஏற்றவே கூடாது. மூட்டையும் முக்கால் குடும்பமும் ஏறிக் குடைசாய்ந்த வண்டிகளைக் கண்டவன் நான். விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏகாம்பரம் ஏற்கெனவே ஒருமுறை அகப்பட்டவர். மறுமுறை என்றால் ஓட்டுநர் பேட்ஜ் பறிபோகும்.

“இன்னா மேடம், நல்ல நாள் அதுவுமா பேஜார் பண்றீங்க? சாமி போய்கினு இருக்குது...”

“சாமி போகட்டுங்க. மடியில இருக்கிறது சவாரியா, சரக்கா? சரக்குன்னா தப்பு.”

குருக்கள் பதறினார். “சிவ சிவா! சுவாமியைச் சரக்குன்னு சொல்லலாமாம்மா?”

“அப்போ சவாரி. சாமி மூணு, நீங்க ரெண்டு. ஆக அஞ்சு பேரு. பேட்ஜைக் கழட்டுங்க ஏகாம்பரம்.”

ஏகாம்பரத்தின் கை மெல்லச் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜுக்குப் போயிற்று. “அது பூட்டா பொழப்பே பூடும் மேடம்...”

கோயிலில் திருமுன் நின்று பாடியே வளர்ந்த என் நாக்கு, சும்மா இருக்குமா?

“அம்மா, வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி. சக்தியும் சக்தி உடையவனும் வேற வேற இல்லை. தீ ஒண்ணு, அதோட சூடு ஒண்ணுன்னு யாராவது எண்ணுவாங்களா? கண்ணுக்குத்தான் மூணு பேரு. உண்மையில ஒருத்தர்!”

“அரோகரா!” என்றது கூடியிருந்த கூட்டம். நானும் சற்றே நிமிர்ந்து அமர்ந்தேன்.

அம்மையார் யோசித்தார். பிறகு தலையசைத்தார். “ஒத்துக்கிறேன் ஐயா. முருகர் ஒருத்தர். குருக்களோட ரெண்டு. விதிப்படி சரியாப் போச்சு.”

நிறுத்தி, என்னை நோக்கினார். “நீங்க இறங்கிக்குங்க.”

வாதத்தில் வென்றவன் வெயிலில் இறங்கினேன்!

“பெரியவரே, ஜல்தி வாங்க!” என்று ஏகாம்பரம் மிதிக்க, பின்னால் நான். எனக்குப் பின்னால் கற்பூரத்தட்டு ஏந்திய பெண்கள். அவர்களுக்குப் பின்னால் தெருவே திரண்டது. மீண்டும் நீண்டது அம்மையாரின் கை.

“நில்லுங்க! இது ஊர்வலமால்ல ஆயிடுச்சு? அனுமதி வாங்கினீங்களா?”

“மேடம், நான் ஏத்தினது ரெண்டு சவாரி. பின்னாடி நடந்துகினு வர்றவங்களை எல்லாம் என் வண்டில சேக்காதீங்க!”

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் பூக்கடை ஓரம் வைத்தார். பிறகு ஆட்டோக்களை ஒதுக்கியபடி முன்னே நடந்தார், நெய்த வீட்டு வாசல்வரை! ஏகாம்பரத்தின் சட்டையில் பேட்ஜ் பத்திரமாக இருந்தது. முருகன் தறி முன்னே பட்டுடுத்தினான்.

விதியை ஆள்பவருக்குச் சிரிக்கவும் தெரிந்திருந்தால் ஊருக்கு வேறென்ன வேண்டும்? என் முழங்கால் மட்டும் இதை இன்னும் ஏற்கவில்லை.

வாசிக்கும் உங்கள் அனைவர்க்கும் வேலவன் நல்ல வண்டியைத் தருவானாக. நடுவழியில் இறங்க நேர்ந்தால், நடக்க நல்ல காலையும் தருவானாக!