பக்கத்து வீட்டுக்கு ஓடிய விரிசல்

எண்ணெய்க் கிணறுகளில் தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளப்பதுதான் என் வேலை. பாறை எந்தத் திசையில் குறைவாக நெருக்கப்படுகிறதோ, அந்தத் திசையில் வாய் திறக்கும். விரிசல் அதற்குக் குறுக்கே ஓடும். அந்த நெருக்கத்தை அளக்காமல் நாங்கள் பம்பைத் தொடவே மாட்டோம்.

சேக்காட்டில் என் வீட்டு போர்வெல் வற்றியபோது போர்வெல் ஆட்களிடம் அதே வைத்தியத்தைச் செய்யச் சொன்னேன். வீட்டு போர்வெல்லுக்கு யார் அளக்கிறார்கள்? அழுத்தம் ஏறியதும் பக்கத்து வீட்டு போர்வெல்லிலிருந்து சேறு பீறிட்டது. மறுநாள் அந்த வீட்டு மகளுக்கு வளைகாப்பு. போட்டிருந்த பந்தலெல்லாம் சேறு.

கைகூப்பியபடி போய் நின்றேன். அந்த வீட்டுச் செல்வியக்கா சேற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு சார் இப்டி நடுங்கினு கீறீங்க? தண்ணி லாரிக்குச் சொல்லிக்கீறேன். உங்க ஊட்டுக்கும் ரெண்டு ட்ரம் புடிச்சிக்கோங்க. நாளைக்கு உங்க அம்மாவையும் இட்டுகினு வந்துருங்க.”

சில நாளில் இரண்டு போர்வெல்லிலும் தண்ணீர் தெளிந்தது. ஆனால் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் இறங்குகிறது. அதனால் இன்றும் சுவருக்கு மேல் எட்டி, “அக்கா, மோட்டார் போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

விரிசல் பக்கத்துக் கிணற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டால், வேலையில் அதைத் தோல்வி என்றுதான் எழுதுவோம். இந்த ஒன்றை என்னால் அப்படி எழுத முடியாது.